சமூகக் கேமிங் போட்டிகளில் சிறார் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தன்னார்வலர்கள் நடத்தும் கேமிங் போட்டிகளுக்காக எழுதப்பட்டது. பெரிய நிறுவனங்களின் போட்டிகளுக்கு வழக்கறிஞர்களும் பாதுகாப்புப் பணியாளர்களும் உண்டு. வாடகைக்கு எடுத்த கூடத்தில் இருபது திரைகளையும் அவரவர் கொண்டுவந்த கன்ட்ரோலர்களையும் வைத்து வார இறுதியில் நடக்கும் போட்டிக்கு அப்படி யாரும் கிடையாது. அமைப்பாளர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் நாட்டுச் சட்டத்தை அறிந்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

சிறார் என்று யாரைக் கொள்வது?

18 வயது நிறையாத எல்லோரையும். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற சிறார் உரிமைகள் உடன்படிக்கை தன் முதல் பிரிவில் வைத்திருக்கும் பொது எல்லையும் இதுதான். இதைவிடக் குறைந்த வேறு எண்களும் உங்கள் காதில் விழும். சிறாரின் இணையத் தரவுகளைப் பற்றிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோரை மட்டும் கணக்கில் கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தருகின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ 18 என்கிறது. இவை, யாருடைய தகவலைப் பெற்றோரைக் கேட்காமல் திரட்டலாம் என்பதற்கான எண்கள். ஒரு கூடத்துக்குள் யாரைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்கு இவற்றை அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு. நல்ல எண்ணமுள்ள அமைப்பாளர்களும் செய்யும் தவறு அது.

10 வயதுக் குழந்தையையும் 17 வயது இளைஞரையும் ஒரே மாதிரி நடத்த முடியாது என்பது உண்மைதான். விதியில் இருவரும் சிறாரே. கண்காணிப்பின் அளவில் மட்டும் வேறுபாடு இருக்கட்டும்.

எங்கள் போட்டி சிறியது, எல்லோரும் தெரிந்தவர்கள். இவ்வளவு ஏற்பாடு தேவைதானா?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. இதில் இருக்கும் "எல்லோரும் தெரிந்தவர்கள்" என்ற சொல்லைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சிறாருக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறாருக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பது சிறார் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆகவே வெளியாளைத் தடுக்க வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டு உள்ளே எந்த ஒழுங்கும் வைக்காமலிருப்பது, ஓட்டை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ அடைப்பதற்குச் சமம்.

கேமிங் போட்டிகளுக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. கால்பந்திலும் நீச்சலிலும் வயதுவாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன. இங்கே 13 வயதுச் சிறுவரும் 30 வயதுக்காரரும் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்து மோதுகிறார்கள், சிறுவர் வென்றும் விடுகிறார். இந்தச் சமத்துவம்தான் எங்களையெல்லாம் இந்தச் சமூகத்துக்குள் இழுத்தது. அதை இழக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் ஆட்டத்தில் இருக்கும் சமத்துவம் ஆட்டத்துக்கு வெளியே இல்லை. பெயர்பெற்ற ஆட்டக்காரர், வர்ணனையாளர், அமைப்பாளர் ஆகியோருக்கு இளையவர்களிடம் பெரும் செல்வாக்கு இருக்கிறது. இலவசப் பயிற்சி, பழைய கன்ட்ரோலர் ஒன்றைப் பரிசாகத் தருதல், வீடு வரை வண்டியில் கொண்டுவிடுதல் என்று அவர்கள் காட்டும் அன்பு பெரும்பாலும் உண்மையான அன்பே. குரூமிங் என்று சொல்லப்படும் வசப்படுத்தலும் இதே செயல்களில்தான் தொடங்குகிறது என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

2020 ஜூலையில் ஸ்மாஷ் பிரதர்ஸ் விளையாட்டுச் சமூகத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள், வர்ணனையாளர்கள், அமைப்பாளர்கள் எனப் பலர் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. சொன்னவர்களில் சிலர், அது நடந்தபோது தாங்கள் சிறாராக இருந்ததாகக் கூறினார்கள். அதே மாதத் தொடக்கத்தில், சண்டை விளையாட்டுகளின் முதன்மைப் போட்டியான எவோவின் அவ்வாண்டு இணையவழிப் பதிப்பு, அதன் தலைமை நிர்வாகி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து ரத்து செய்யப்பட்டது. இந்தச் சமூகங்களும் சிறு கூடங்களில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சூழலில் வளர்ந்தவைதான்.

யார் பொறுப்பேற்க வேண்டும்?

சிறார் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று இருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். ஒருவர் போதாது, அவர் மீதே புகார் வந்தால் யாரிடம் போவது? அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ நெருங்கிய நண்பர்களாகவோ இல்லாதிருப்பது நல்லது. போட்டி நாளன்று அவர்கள் ஆட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது, பிராக்கெட் (யார் யாருடன் மோதுவது என்ற ஆட்ட அட்டவணை) நடத்தும் வேலையும் அவர்களுக்கு வேண்டாம். அவர்களுடைய பெயரும் முகமும் சட்டையின் நிறமும் வாசலில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

போட்டி தொடங்கும் நேரம், முடியும் நேரம், விளையாடப்படும் விளையாட்டுகளின் பெயரும் வயதுத் தரமும், நேரலை உண்டா இல்லையா, அழைத்துச் செல்ல வருபவர் யார், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வாமை அல்லது வலிப்பு போன்ற உடல்நிலைத் தகவல் ஆகியவை கட்டாயம். படம் எடுப்பதற்கான ஒப்புதலைத் தனிக் கட்டத்தில் கேளுங்கள். விளையாட அனுமதிக்கும் பெற்றோர், மகளின் முகம் இணையத்தில் வருவதை விரும்பாமலிருக்கலாம். இரண்டையும் ஒரே கையெழுத்தில் கட்டிப்போடுவது நேர்மையன்று.

படிவத்தில் உள்ள எண்ணைப் போட்டிக்கு முன்பே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பெற்றோரின் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வரும் 14 வயதுக்காரர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. போட்டி முடிந்தபின் படிவங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தேவைக்கு மேல் சேர்த்த தகவல் ஒருநாள் யார் கையிலாவது சிக்கும்.

வயதைச் சரிபார்க்க அடையாள அட்டையின் நகல் வாங்கலாமா?

அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நகல் எடுக்காதீர்கள், கைபேசியில் படம் எடுக்காதீர்கள். "பார்த்தேன், 18க்குக் கீழ்" என்று பட்டியலில் ஒரு குறியிட்டால் போதும். கைப்பட்டையின் நிறத்தை வைத்துச் சிறாரை அடையாளம் காட்டும் வழக்கம் சில போட்டிகளில் இருக்கிறது. அது பொறுப்பாளருக்கு உதவுவதைப் போலவே தவறான நோக்கத்துடன் வந்தவருக்கும் உதவும் என்பதால், நிறம் கண்ணைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பொருளைத் தன்னார்வலர்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.

விளையாட்டின் வயதுத் தரத்தை எவ்வளவு தூரம் பின்பற்ற வேண்டும்?

ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்பும், வட அமெரிக்காவில் 1994 முதல் இஎஸ்ஆர்பி என்ற அமைப்பும் விளையாட்டுகளுக்குத் தரம் வழங்கி வருகின்றன. பெகி அளவில் ஃபோர்ட்நைட்டுக்கு 12, கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு 18. உங்கள் நாட்டில் இத்தரங்களுக்குச் சட்ட வலு இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால், தரத்தை விளம்பரத்திலும் படிவத்திலும் தெளிவாகக் காட்டி, குறைந்த வயதினரைச் சேர்ப்பதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துங்கள். நன்றாக ஆடுகிறார் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிப்பது பிற்பாடு வரும் எல்லாப் பிரச்சினைகளுக்கும் பிள்ளையார்சுழி. விளையாட்டை வெளியிடும் நிறுவனமே போட்டிகளுக்கென்று தனி வயதெல்லை வைத்திருக்கக்கூடும். அந்த விதிகளையும் படித்துவிடுங்கள். வயதுத் தரம் விளையாட்டின் உள்ளடக்கத்தை மட்டுமே அளக்கிறது. இணையத்தில் எதிர்ப்பக்கம் இருப்பவர் வாய்ஸ் சாட் எனப்படும் குரல் உரையாடலில் என்ன பேசுவார் என்பது அதற்குள் வராது.

பெற்றோர் கூடவே இருக்க வேண்டுமா?

13 வயதுக்குட்பட்டோருடன் பெற்றோரோ அவர்கள் எழுத்தில் நியமித்த பெரியவர் ஒருவரோ கூடத்திலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. 13 முதல் 15 வரை உள்ளவர்களை ஒரு பெரியவர் கொண்டுவந்து விட்டு, கையெழுத்திட்டு அழைத்துச் செல்லட்டும். 16, 17 வயதினர் பெற்றோரின் ஒப்புதலுடன் தனியே வந்து போகலாம். இந்த எல்லைகள் எந்தச் சட்டத்திலிருந்தும் எடுத்தவையல்ல. உங்கள் கூடமும் போக்குவரத்தும் முடியும் நேரமும் எப்படியோ அதற்கேற்ப இறுக்கிக்கொள்ளுங்கள். "அண்ணன் கூட வந்திருக்கிறேன்" என்று சொல்பவருடைய அண்ணன் உண்மையில் உடன்பிறந்தவரா, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கிடைத்த அண்ணனா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கூடத்துக்குள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் விளையாட்டு அமைப்புகளில் 2018ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேரூன்றிய கொள்கை ஒன்று எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. பெரியவரும் சிறாரும் தனித்துப் பேச நேர்ந்தால், அந்தச் சந்திப்பு பிறர் காணக்கூடியதாகவும் யாரும் இடையில் நுழையக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே அது. இதன் சிறப்பு, இது யாரையும் சந்தேகப்படச் சொல்வதில்லை. நாற்பது ஆண்டு நண்பருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே விதி. நல்ல பெரியவருக்கு இதனால் இழப்பு எதுவுமில்லை, வீண்பழியிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது.

இந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய நாள் கூடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கதவு மூடிய இடங்கள் எவை? பொருள் வைக்கும் அறை, மாடிப்படியின் அடி, கழிப்பறைக்குப் போகும் நடை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பலர் நினைவில் கொள்வார்கள். வர்ணனை அறையை மறந்துவிடுவார்கள். ஒலி புகாமல் கதவு சாத்தி, விளக்கைக் குறைத்து, இரண்டே நாற்காலிகள் போட்ட அறை அது. "வா, ஒரு மேட்ச் வர்ணனை செய்" என்று ஒரு சிறுவரை அங்கே அழைப்பது அவருக்குப் பெரிய கௌரவமும்கூட. கதவில் கண்ணாடி இல்லையென்றால் கதவைத் திறந்தே வையுங்கள்; கொஞ்சம் இரைச்சல் நேரலையில் கேட்டால் கேட்கட்டும்.

இடத்தைப் போலவே நேரத்தையும் பார்க்க வேண்டும். இரட்டை வெளியேற்ற முறையில் இரண்டு ஆட்டம் தோற்றவர் வெளியே. முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே தோற்றுவிட்ட 14 வயதுக்காரர், மாலை ஆறு மணிக்கு அப்பா வரும்வரை என்ன செய்வார்? அவரைப் பார்ப்பதற்கு ஆளில்லை என்றால் அவருடன் பேச யாரோ ஒருவர் வருவார். தோற்றவர்களுக்கென்று பொறுப்பாளர் கண்ணெதிரிலேயே சில திரைகளை ஒதுக்கி, துணைப் போட்டி ஒன்றை நடத்துங்கள். இறுதியாட்டம் நடக்கும் அரை மணி நேரமே நாளின் மிகவும் கவனம் குறைந்த பொழுது, ஏனென்றால் தன்னார்வலர் உட்பட எல்லோருடைய கண்ணும் பெரிய திரையில் இருக்கும். அந்த நேரத்தில் ஒருவராவது திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். யாரும் விரும்பி ஏற்காத வேலை இது, முறைவைத்துக் கொடுங்கள்.

தன்னார்வலர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்த்தால் போதாதா?

சட்டம் கேட்டால் கட்டாயம் செய்யுங்கள், கேட்காவிட்டாலும் முடிந்தால் செய்யுங்கள். ஆனால் அது ஏற்கெனவே பிடிபட்டவர்களை மட்டுமே காட்டும். முன்பு வேலை செய்த போட்டிகளின் அமைப்பாளர்கள் இருவரிடம் தொலைபேசியில் "சிறாருள்ள இடத்தில் இவரை மீண்டும் அமர்த்துவீர்களா?" என்று நேராகக் கேட்பது பல நேரம் அதைவிடப் பயன் தரும். பதில் வருவதற்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது செலவைக் குறைக்க அறையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். சிறாரும் சேரலாமா?

தன் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாத அறையில் பெரியவருடன் சிறார் தங்கக் கூடாது. அணித் தலைவருக்கும் பயிற்சியாளருக்கும் இதில் விலக்கில்லை. ஒரு பெரியவர் ஒரு சிறாரை மட்டும் தனியே வண்டியில் ஏற்றிச் செல்வதும் வேண்டாம்; தவிர்க்க முடியாதபோது பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் செய்தியாக அனுப்புங்கள்.

போட்டிக்குப் பிந்தைய கூடல்களில்தான் பல அமைப்பாளர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். "அது எங்கள் நிகழ்ச்சி இல்லை, தனிப்பட்டவர்கள் வீட்டில் நடந்தது" என்பார்கள். உங்கள் போட்டியின் டிஸ்கார்டில் அழைப்பு வந்து, உங்கள் தன்னார்வலர் வீட்டில் உங்கள் வீரர்கள் கூடியிருந்தால், பெற்றோரின் பார்வையில் அது உங்கள் நிகழ்ச்சிதான். மது இருக்கும் எந்தக் கூடலுக்கும் சிறாருக்கு அழைப்பு இல்லை என்பதை நடத்தை விதியில் எழுதி, மீறி அழைத்த பெரியவரைத் தண்டியுங்கள். அழைக்கப்பட்டுப் போன சிறாரைத் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் அங்கே நடந்ததை அவர் ஒருபோதும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

டிஸ்கார்ட் குழுவையும் இணையவழிப் போட்டிகளையும் எப்படி நடத்துவது?

டிஸ்கார்ட் 13 வயதுக்குட்பட்டோருக்குக் கணக்குத் தருவதில்லை. எனவே அந்த வயதினருக்கான அறிவிப்புகளைப் பெற்றோரின் மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ அனுப்புங்கள். போட்டி தொடர்பான பேச்செல்லாம் பொதுச் சேனலிலேயே நடக்கட்டும். ஆட்ட முடிவைத் தெரிவிக்கவோ முறையிடவோ ஒரு சிறார் நிர்வாகிக்கு எழுத வேண்டுமானால், இரண்டு நிர்வாகிகளேனும் படிக்கக்கூடிய டிக்கெட் முறையை வையுங்கள். தன்னார்வலர் எவரும் சிறாருக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. தானாகவே அழிந்துபோகும் செய்திகள் உள்ள செயலிகளுக்குப் பேச்சை மாற்றச் சொல்வது எச்சரிக்கை மணியாகக் கொள்ளப்பட வேண்டும்.

இணைய ஆட்டத்தில் வாய்ஸ் சாட் இயல்பாகவே திறந்திருப்பதன் தீங்கு பலராலும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், சிறாரின் தரவு தொடர்பான வழக்கில் 27.5 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் உடன்பட்டது. சிறாருக்கும் பதின்வயதினருக்கும் குரல் உரையாடலையும் எழுத்து உரையாடலையும் இயல்புநிலையிலேயே திறந்து வைத்திருந்தது அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உங்கள் போட்டியில் அணியினருக்குள் மட்டும் குரல் திறந்திருக்கட்டும், எதிரணியுடன் வேண்டாம்.

நேரலையிலும் படங்களிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

சிறாரின் முழுப்பெயர், பள்ளியின் பெயர், ஊர் ஆகிய மூன்றும் திரையில் வரவே கூடாது. கேமர்டேக் எனப்படும் விளையாட்டுப் பெயர் போதும். பள்ளிச் சீருடையில் வந்தவரைக் கேமரா முன் உட்கார வைப்பதற்கு முன் மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை கொடுங்கள். ஒப்புதல் தராதவருக்கு நேரலைத் திரை வேண்டாம். அவருடைய ஆட்டத்தை வேறு திரையில் நடத்துங்கள், அதற்காக அவரைத் தோற்றதாக அறிவிக்காதீர்கள். இப்படி ஒரு விதி வைத்த போட்டியும் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரலையின் சாட் பகுதிக்குத் தனி ஆள் ஒருவரை அமர்த்துங்கள், குறிப்பாக ஒரு சிறுமி ஆடும்போது.

புகழ் வந்தால் ஆபத்து வீட்டு வாசலுக்கும் வரும். 2019 ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையின் தனிநபர் பிரிவில் வென்றவருக்கு அப்போது 16 வயதுதான். வென்ற சில வாரங்களிலேயே, அவர் வீட்டிலிருந்து நேரலையில் ஆடிக்கொண்டிருந்தபோது, யாரோ பொய்த் தகவல் கொடுத்து ஆயுதமேந்திய காவலர்களை அந்த வீட்டுக்கு வரவழைத்தார்கள். ஸ்வாட்டிங் என்று பெயர்பெற்ற இந்தக் கொடிய விளையாட்டுக்குத் தேவைப்படுவது ஒரு முகவரி மட்டுமே.

வசைச் சொற்களும் கேலியும் இந்தக் கலாசாரத்தின் பகுதிதானே?

ஆட்டத்தைப் பற்றிய சீண்டல் இருக்கலாம். ஆளின் சாதி, மதம், நிறம், பாலினம், உடல் ஆகியவற்றைத் தொட்டவுடன் அது விதிமீறல். எதிரில் இருப்பவர் சிறாரென்றால் பாலியல் சார்ந்த எந்தச் சொல்லும் முதல்முறையிலேயே வெளியேற்றத்துக்குரியது, எச்சரிக்கை தேவையில்லை. கெட்ட வார்த்தையைச் சொன்னவரே 12 வயதுக்காரராக இருக்கும் நிலையும் அடிக்கடி வரும்; அப்போது பெற்றோரை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பரிசுத் தொகை, ஸ்பான்சர், பந்தயம் பற்றி என்ன விதி?

பரிசுப் பணத்தைப் பெற்றோரின் கணக்குக்கு அனுப்புங்கள். பல நாடுகளின் சட்டப்படி சிறார் செய்யும் ஒப்பந்தத்தை அவர் மீது நிலைநாட்ட முடியாது என்பதால், அணியில் சேரும் ஒப்பந்தமும் பெற்றோர் வழியாகவே நடக்க வேண்டும். மணி மேட்ச் எனப்படும் பக்கப் பந்தயங்களிலும் ஸ்கின் (விளையாட்டுக்குள் வரும் அலங்காரப் பொருள்) பந்தயத்திலும் சிறாரைச் சேர்ப்பவரை உடனே வெளியேற்றுங்கள். ஸ்பான்சர்களில் சூதாட்டத் தளங்களும் மது நிறுவனங்களும் வேண்டாம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. எனர்ஜி டிரிங்க் நிறுவனங்களில்தான் சிக்கல், ஏனென்றால் கேமிங்குக்குப் பணம் கொடுப்பவர்களில் அவர்களே முன்னணியில் இருக்கிறார்கள். சிறாரின் உணவில் அப்பானங்களுக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011லேயே சொல்லிவிட்டது. விளம்பரத் தட்டியை வாங்கிக்கொண்டாலும், இலவசப் புட்டிகளைச் சிறாருக்குக் கொடுக்காமலிருக்க உங்களால் முடியும்.

உடல்நலம் சார்ந்து ஏதாவது?

மேடை விளக்கை நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுக்காதீர்கள், சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் மினுங்கும் காட்சியால் 680க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறார், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒலியைப் பொறுத்தவரை, பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த உச்ச வரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபெல். சிறாருள்ள கூடத்தில் அதற்கு வெகு கீழே நில்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை, இலவசக் குடிநீர், மறுநாள் பள்ளி இருந்தால் சிறாரின் ஆட்டங்களை முன்னதாகவே முடித்துவிடுதல் ஆகியவை போதும்.

ஒரு சிறார் வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால் என்ன செய்வது?

கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிராக்கெட் காத்திருக்கட்டும். பிறர் பார்வையில் படும், ஆனால் பிறர் காதில் விழாத ஓர் இடத்தில் உட்காருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று அவர் கேட்டால் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் சொல்கிறேன் என்பதை உனக்கும் சொல்வேன்" என்று கூறுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்திவிடுங்கள். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்பதைப் போல விடையை உள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளைக் கேட்டால், பின்னால் நடக்கும் விசாரணையில் அவருடைய வாக்குமூலமே பலவீனப்படும். "அப்புறம் என்ன நடந்தது?" என்பதற்கு மேல் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. சொன்னதற்கு நன்றி என்பதையும், தவறு அவருடையதல்ல என்பதையும் சொல்லுங்கள்.

அவர் போனதும், அவர் பயன்படுத்திய சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்திடுங்கள். செய்திகளின் படங்கள் இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். சிறாரின் அந்தரங்கப் படங்கள் இருந்தாலோ அவற்றை நீங்கள் வாங்கவோ நகலெடுக்கவோ கூடாது, அது உங்களையே குற்றவாளியாக்கும். கைபேசியை அப்படியே காவல்துறையிடம் காட்டச் செய்யுங்கள். பிறகு, அன்றே, பொறுப்பாளர் வழியாகக் காவல்துறைக்கோ உங்கள் நாட்டின் சிறார் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவியுங்கள். சில நாடுகளில் தெரிவிக்காமலிருப்பதே குற்றம். பெற்றோருக்கும் சொல்ல வேண்டும், அவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருந்தால் ஒழிய. நீங்களே குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து விசாரிப்பது பெரும் பிழை. சாட்சியத்தை அழிக்க அவருக்கு அவகாசம் கொடுத்தவர் ஆவீர்கள்.

புகாருக்கு உள்ளானவர் எங்கள் சிறந்த வீரர், அல்லது போட்டியைத் தொடங்கியவர் என்றால்?

அதற்காகத்தான் விதியை முன்பே எழுதி வைக்கச் சொல்கிறோம். சிறாருக்குத் தீங்கு என்ற புகார் வந்ததும், முடிவு தெரியும்வரை அவர் போட்டிக்கும் குழுவுக்கும் வெளியே நிற்பார் என்று எழுதியிருந்தால், அன்றைக்கு யாரும் தைரியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. இது தண்டனை இல்லை, இடைக்கால ஏற்பாடு என்பதை அறிவிப்பில் சொல்லுங்கள். காரணத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், புகார் தந்த சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடாதீர்கள். பிற போட்டிகளின் பொறுப்பாளர்களுக்குத் தெரிவிப்பது பற்றி வழக்கறிஞரைக் கேளுங்கள். சத்தமில்லாமல் அவரை அனுப்பிவிட்டால் அவர் அடுத்த ஊரின் போட்டியில் தன்னார்வலராகச் சேர்வார்.

புகார் பொய்யாக இருந்தால்?

அதை முடிவு செய்வது உங்கள் வேலையில்லை. மேலே சொன்ன இடைக்கால ஏற்பாடு, புகார் நிலைக்காத பட்சத்தில் அவர் திரும்பி வருவதற்கும் வழி வைத்திருக்கிறது. சில வாரப் போட்டிகளை இழப்பது வருத்தம்தான். மறுபக்கத்தில் இருக்கும் இழப்புடன் அதை ஒப்பிட முடியாது.

இளம் வீரர்களிடம் நேரடியாக எதைச் சொல்ல வேண்டும்?

பயமுறுத்தாமல் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். உன்னைவிட மூத்தவர் ஏதேனும் ஒன்றை வீட்டில் சொல்லாதே என்று கேட்டால், அதையே முதலில் வீட்டில் சொல். பரிசாக வாங்கிய ஸ்கின்னுக்கோ கன்ட்ரோலருக்கோ கைம்மாறாக நீ எதுவும் செய்யக் கடன்பட்டவனில்லை, கடன்பட்டவளுமில்லை. படத்தை அனுப்பிவிட்டு இப்போது யாரோ மிரட்டுகிறார் என்றாலும் நீ வந்து சொல்லலாம். பணம் கொடுக்காதே, கணக்கை அழிக்காதே, உன் மீது யாரும் கோபப்பட மாட்டோம். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோரும் தம் வாயால் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் மௌனமாக இருப்பது அந்தக் கோபத்துக்குப் பயந்துதான்.

இவ்வளவையும் செய்ய எங்களிடம் ஆளில்லை. 18க்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று அறிவித்துவிடலாமா?

அறிவிக்கலாம். செய்ய முடியாததைச் செய்வதாகக் காட்டிக்கொள்வதைவிட அது நேர்மையானது. ஆனால் அப்படி அறிவித்துவிட்டு, தெரிந்த பையன் என்று 16 வயதுக்காரரை உள்ளே விட்டால், எந்த ஏற்பாடும் இல்லாத கூடத்தில் சிறாரை வைத்தவர் ஆவீர்கள். அறிவிப்பைப் படிக்காமல் 15 வயதுக்காரர் ஒருவர் இரண்டு பேருந்து மாறி வந்து வாசலில் நிற்பார். இது ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கும். விளையாட அனுமதியில்லை என்று அவரைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். பதிவு மேசைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார வைத்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அழைத்துச் செல்ல ஆள் வரும்வரை தன்னார்வலர் இருவர் அருகில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் வாங்கியிருந்தால் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.